முதலாம் எதிராளியும் இரண்டாம் எதிராளியும்

நீதிமன்றத் தாள் கொண்டுவந்த பிஸ்கால் உத்தியோகத்தர் கொஞ்சம் பிந்தி வந்திருக்கலாம். நெளுக்குளம் சங்கக்கடையில் அன்று நிவாரணம் கொடுக்கிற நாள். வாசலில் தொடங்கிய வரிசை மதகடி வரை நீண்டிருந்தது. தராசடியில் நின்று அரிசி நிறுத்துக்கொண்டிருந்த இராசேஸ்வரியிடம், அத்தனை சனத்துக்கும் முன்னால், அவர் நீதிமன்றத்து அழைப்பாணையைக் கொடுத்தார். 1998ஆம் ஆண்டு, தைப்பொங்கல் முடிந்து இரண்டாம் கிழமை.

அவள் கையைச் சேலையில் துடைத்துவிட்டு ஒப்பம் வைத்தாள். நின்றபடியே முதல் பக்கத்தை வாசித்தாள். பிறகு தலையை நிமிர்த்தி வரிசையைப் பார்த்துக் கேட்டாள்:

"தில்லைநாதன் எண்டுறது ஆர்?"

ஆளுக்காள் முகத்தைப் பார்த்தார்கள். கடைசியில் பக்கத்து வளவுக் கைருன்னிஸாதான் சொன்னாள்: "உன்ர கால் முறிஞ்சப்போ சைக்கிள்ல ஏத்திக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாரே புள்ள, தண்ணி இறைக்கிற மெசின் திருத்துற மனுசன். அவர்ர பேருதான்."

"அவரோ? அவரோட நான் என்ன செய்தனானாம்?"

மறுபடியும் தாளைப் பார்த்தாள். இந்த முறை சாக்கொன்றின் மேல் உட்கார்ந்துவிட்டாள். இராசேஸ்வரி அந்தத் தில்லைநாதனோடு தகாத உறவு வைத்திருக்கிறாள், ஆகையால் தனக்கு விவாகரத்து வேண்டும் என்று அவளுடைய புருசன் பரமலிங்கம் வழக்குப் போட்டிருந்தார். அவர் வழக்காளி. அவள் முதலாம் எதிராளி. மெசின்காரர் இரண்டாம் எதிராளி.

இராசேஸ்வரியின் வாய் அந்தப் பகுதியில் பேர்போனது. வரிசையில் யாராவது முண்டினால், "உங்கட வயிறு மட்டும் தனியா இடம்பெயர்ந்து வந்ததோ?" என்று கேட்பாள், ஆள் தானாகப் பின்னுக்குப் போய்விடும். அன்றைக்கு முண்டியவர்களை அவள் திரும்பியும் பார்க்கவில்லை. எழுந்து மிச்ச வரிசைக்கும் அரிசி நிறுத்துக் கொடுத்து முடித்து, கடையைப் பூட்டித் திறப்பைக் கொடுத்துவிட்டு, நேரே எங்கள் கந்தோருக்கு வந்தாள்.

எங்கள் கந்தோர் என்றால் சட்டத்தரணி நல்லதம்பியருடைய கந்தோர். வவுனியாவில் நீதிமன்றத்துக்குக் கிட்ட ஒரு கூரைத்தகட்டு அறை. அவர் வழக்குப் பேசுவார், நான் தட்டச்சு செய்வேன். இந்த வழக்கின் எல்லாத் தாளும் என் விரல்கள் வழியாகத்தான் போனது. தாளில் இல்லாததைப் பின்னாளில் அவளே எனக்குச் சொன்னாள்.

அவள் வந்து இருந்து கால் மணித்தியாலம் ஆகவில்லை, இரண்டாம் எதிராளியும் வந்துவிட்டார். நாற்பது வயது தாண்டிய, மெலிந்து நெடுத்த மனிதர். அழைப்பாணையை நாலாக மடித்துச் சேட்டுப் பையில் வைத்திருந்தார், பையில் கிறீஸ் ஊறியிருந்தது. அவளைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"தங்கச்சி, சத்தியமா நான் ஒருத்தரிட்டயும் ஒண்டும் சொல்லேல்லை" என்றார்.

"சொல்ல என்ன இருக்கு அண்ணை? உள்ளுக்கு வாங்கோ. வழக்கு எங்கள் ரெண்டு பேருக்கும்தான்."

நல்லதம்பியர் இருவரையும் எதிரெதிர்க் கதிரைகளில் இருத்தி விசாரித்தார். இருவரும் பழகியது மொத்தம் இரண்டே இரண்டு தடவை. 1997 மாசியில் சங்கக்கடையில் அடுக்கியிருந்த மா மூட்டையொன்று சரிந்து இராசேஸ்வரியின் இடது காலில் விழுந்தது. அன்று தில்லைநாதன் வரிசையில் நின்றார். அவருடைய சைக்கிளில் திருத்துவதற்கென்று ஒரு தண்ணீர் மெசின் கட்டியிருந்தது. ஆகவே அவளுடைய சைக்கிளையே எடுத்து, கரியரில் அவளை ஏற்றி, ஆஸ்பத்திரிக்கு மிதித்தார். ஆஸ்பத்திரி வாசலில் அவளுக்கு மயக்கம். பிறகு இரண்டு கிழமை கழித்து, அவள் காலில் பத்துக் கட்டோடு வீட்டில் இருக்கும்போது, அவள் வீட்டுக் கிணற்று மெசின் நின்றுபோனது. அவர் வந்து திருத்தினார். குழாய் கழன்று நனைந்துவிட்டதால் சேட்டைக் கழற்றிக் கொடியில் போட்டார். கைருன்னிஸா அப்போது அங்கேதான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். சேட்டுக் காய்ந்தது, போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அந்தச் சேட்டை வேலிக்கு மேலால் ஒருவன் பார்த்திருக்கிறான். பரமலிங்கத்தின் ஒன்றுவிட்ட தம்பி. கொடியில் தொங்கிய சேட்டு கொழும்புக்குப் போய்ச் சேரும்போது பெரிய கதையாகிவிட்டது.

"ஐயா, என்னை விட்டிட்டுப் போனது அவர். ஐஞ்சு வரியம்" என்றாள் இராசேஸ்வரி. "வெளிநாடு போக ஏஜென்சிக்காரனைப் பாக்கிறன் எண்டு தொண்ணூற்று மூண்டில கொழும்புக்குப் போனவர். வெளிநாடும் போகேல்லை, வீட்டையும் வரேல்லை. இப்ப வெள்ளவத்தையில கடை வச்சிருக்கிற ஆரின்ரையோ மகளைக் கட்டப்போறாராம். கட்டட்டும். அதுக்கு ஏன் என்ர பேரை நாறடிக்கிறார்?"

நல்லதம்பியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். விளக்கம் சொல்லப்போகிறார் என்றால் அப்படித்தான் தொடங்குவார்.

"பிள்ளை, எங்கட பொதுச் சட்டத்தில, 'எங்கள் ரெண்டு பேருக்கும் ஒத்துவரேல்லை, பிரிச்சு விடுங்கோ' எண்டு கேக்கேலாது. ஒருத்தர் பிழை விட்டிருக்க வேணும். பிழை விடாத மற்றவர்தான் வந்து கேக்கலாம். பிழையெண்டு சட்டம் சொல்லுறது மூண்டே மூண்டு. கட்டின பிறகு வேற ஆளோட உறவு வச்சது. வேணுமெண்டு கைவிட்டிட்டுப் போனது. மற்றது, கட்டுற நேரத்திலையே குடும்பம் நடத்த ஏலாத உடம்பா இருந்தது. இதில உம்மட புருசன் எதைச் சொல்லுவார்? விட்டிட்டுப் போனது அவர். அவரின்ர பிழையைச் சொல்லி அவரே விடுதலை கேக்கேலாது. அப்ப, அவர் வெளியால வர இருக்கிற ஒரே கதவு, உம்மைப் பிழைகாரியாக்கிறதுதான்."

"அதுக்கு நான் எதுக்கு?" என்றார் தில்லைநாதன்.

"பொம்பிளை பிழைவிட்டவா எண்டால் ஆரோட எண்டு பேர் சொல்லி, அந்த ஆளையும் வழக்கில சேக்க வேணும். அதுதான் நீர் வந்திருக்கிறீர். உம்மட்டை ஐம்பதாயிரம் நட்ட ஈடும் கேட்டிருக்கிறார்."

தில்லைநாதன் மடித்த அழைப்பாணையைப் பிரித்துப் பார்த்தார். "நான் அவ்வளவு பெறுமதியான ஆளெண்டு எங்கட விசுவமடுவில ஒருத்தரும் சொன்னதில்லை" என்றார்.

இராசேஸ்வரிக்கு அந்த நாளில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுதுவிட்டாள். நான் போய்ப் பிளேன்ரீ வாங்கி வந்தேன்.

மறுமொழி அன்றைக்கே தட்டச்சானது. இருவரும் குற்றச்சாட்டை மறுத்தார்கள். அதோடு முதலாம் எதிராளி, தன்னை வேண்டுமென்றே கைவிட்டுப் போனவர் வழக்காளிதான் என்றும், விவாகரத்தைத் தனக்குத்தான் தரவேண்டும் என்றும் கேட்டாள். அதை எழுதுவதற்கு முன்னால் நல்லதம்பியர், "உமக்கும் விடுதலை வேணுமோ, இல்லை அவரைச் சும்மா மறிக்கப்போறீரோ?" என்று கேட்டார். சாலைப் பக்கம் பார்த்தபடி இருந்தாள்.

"முதல் ரெண்டு வரியம் தபால்காரன் மணி அடிச்சால் ஓடிப்போவன்" என்றாள். "பேந்து நடந்து போனன். பேந்து போறதில்லை. வேணும் ஐயா. ஆனால் என்ர பேர் சுத்தமா வேணும்."

அந்த மாதம் முழுக்க அவள் கோயிலுக்குப் போகவில்லை. கடையில் சில பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். தில்லைநாதனைக் கண்டால் மெசின் திருத்தக் கொடுப்பவர்கள் கூட, "பெண்டாட்டியை வீட்டில விட்டிட்டு வந்தனான், பரவாயில்லையோ?" என்று பகிடி விட்டார்கள். அவருக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. நாலு இடத்தில் பேசி, நாலு தடவையும் பொருத்தம் பார்த்துவிட்டு நாள் வைக்கிற நேரத்தில் ஏதோ ஒரு பக்கம் இடம்பெயர வேண்டி வந்து குழம்பியதாம். "அஞ்சாவது பேச்சு சொந்தச் செலவில கோர்ட்டில நடக்குது" என்று அவரே சொல்லிக்கொள்வார்.

ஆனால் வழக்கால் அவருக்கு ஒரு நன்மை கிடைத்தது. வன்னிக்குள்ளிருந்து வந்தவர்கள் வவுனியாவில் நிற்பதற்குப் பாஸ் எடுக்க வேண்டிய காலம் அது. அது முடிய முடியப் புதுப்பிக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் ஏன் நிற்கிறாய் என்று காரணம் கேட்பார்கள். விசுவமடுவிலிருந்து வந்த நாள் தொட்டு அவருக்கு அது ஒரு தலையிடி. இப்போது அழைப்பாணையைக் காட்டினார். வழக்குக் கூப்பிடும் அடுத்த தவணை எப்போது என்று பார்த்து, அது வரைக்கும் பாஸ் நீட்டிக் கொடுத்தார்கள்.

"பரமலிங்கத்தார் எனக்கொரு உதவி செய்தவர்" என்று முதல் தவணையன்று நீதிமன்ற விறாந்தையில் வைத்துச் சொன்னார். "வழக்கு நடக்குமட்டும் என்னை ஒருத்தரும் திருப்பி அனுப்பமாட்டினம்."

"அப்ப கெதியா முடிய வேண்டாம் எண்டு நேத்தி வையுங்கோ" என்றாள் இராசேஸ்வரி.

கெதியாக முடியவும் இல்லை. ஒரு தவணைக்கு வழக்காளி வரவில்லை, ரயில் பிந்திவிட்டது. ஒரு தவணைக்கு அவருடைய கொழும்புச் சட்டத்தரணிக்குக் காய்ச்சல். இன்னொரு தவணைக்கு எல்லாரும் வந்தார்கள், நேரம் போதவில்லை. எதிராளிகள் இருவரும் ஒவ்வொரு தவணைக்கும் விறாந்தையில் போட்டிருந்த நீள மர வாங்கில் வந்து இருந்து காத்திருக்க வேண்டும். நல்லதம்பியர் முதல் நாளே கட்டளை போட்டிருந்தார்: ஒன்றாக வரக்கூடாது, ஒன்றாகப் போகக்கூடாது, ஒரே கடையில் தேத்தண்ணி கூடக் குடிக்கக்கூடாது. "நீங்கள் சேர்ந்து ஒரு வடை திண்டதை ஒருத்தன் கண்டாலும் அது அவைக்குச் சாட்சி" என்றார்.

ஆகவே வாங்கின் ஒரு நுனியில் அவள், மறு நுனியில் அவர், நடுவில் கைருன்னிஸா. கைருன்னிஸா சாட்சி சொல்ல வந்தவள், ஆனால் அவளுடைய முக்கிய வேலை நடுவில் இருப்பதாகிவிட்டது. பக்கத்துப் பக்கமாகத் தலையைத் திருப்பித் திருப்பிக் கழுத்து நோகிறது என்று சொல்லுவாள்.

ஒருநாள் அவளே கேட்டாள்: "எங்கட ஆக்கள் காதியார்ட்ட போவாங்க. ரெண்டு பேரும் சம்மதிச்சா ஒருத்தர ஒருத்தர் கெட்டவனாக்காம முடிச்சுக்கலாம். பொம்புள தனியாக் கேட்டா சாட்சி தேடி அலையத்தான் வேணும், அது வேற கத. ஒங்கட சட்டத்தில அப்படி ஒண்டும் இல்லியா?"

"இல்லையாம் அக்கா" என்றார் தில்லைநாதன். "ஆராவது ஒரு ஆள் கெட்டவனா இருக்கத்தான் வேணுமாம். அதுக்கு என்னைத் தெரிவு செய்திருக்கினம்."

இரண்டாம் தவணைக்குப் பிறகு கொழும்புச் சட்டத்தரணி ஒரு யோசனையோடு வந்தார். இராசேஸ்வரி மறுக்காமல் விட்டால் போதும், நட்ட ஈட்டுக் கோரிக்கையை எடுத்துவிடுவார்களாம். வழக்கு ஒரே நாளில் முடியும். இருவருக்கும் விடுதலை, எல்லாருக்கும் நிம்மதி. நல்லதம்பியர் அதை மறைக்காமல் அவளிடம் சொன்னார், அது அவருடைய கடமை.

"ரெண்டு பேருக்கும் வேண்டியது ஒண்டுதானே" என்றார் அந்தச் சட்டத்தரணியும் நயமாக. "ஒரு சம்பிரதாயத்துக்குத்தான்."

"அப்ப அந்தச் சம்பிரதாயத்தை அவரைச் செய்யச் சொல்லுங்கோ" என்றாள் இராசேஸ்வரி. "கைவிட்டிட்டுப் போனது தான்தான் எண்டதை அவர் மறுக்காமல் நிக்கட்டும். ஒரே நாளில முடியும்."

அதற்குப் பரமலிங்கம் சம்மதிக்கவில்லை. வெள்ளவத்தைக் குடும்பத்துக்கு மாப்பிள்ளை பிழைவிடாதவராக வேண்டுமாம். மனைவி கெட்டவள் என்றுதான் அங்கே சொல்லியிருக்கிறார்.

தவணைகள் போயின. வாங்கில் இருந்தபடி அவர்கள் கதைத்தது எல்லாம் பெரிய விசயங்கள் அல்ல. மெசின் ஏன் மழைக்காலத்தில் இருமுகிறது, சங்கத்துச் சீனி ஏன் கட்டிபடுகிறது. விசுவமடுவில் அவர் விட்டு வந்த மா மரத்தைப் பற்றி ஒருநாள் சொன்னார். அவள் தன் தகப்பன் அவளைப் படிக்க விடாமல் நிறுத்தியதைச் சொன்னாள். ஐந்தாம் தவணையிலோ என்னவோ அவள் "அண்ணை" என்று கூப்பிடுவதை விட்டுவிட்டதை நான் கவனித்தேன். அதற்குப் பதிலாக வேறொன்றும் கூப்பிடவில்லை. "கேளுங்கோவன்" என்று தொடங்குவாள். அவரும் "தங்கச்சி"யை எங்கேயோ தொலைத்துவிட்டார். நான் நல்லதம்பியரிடம் இதைச் சொல்லவில்லை. அவருக்கு இரத்த அழுத்தம்.

விசாரணை 1999 ஆனி மாதம் தொடங்கியது. வழக்காளியின் பெரிய சாட்சி அந்த ஒன்றுவிட்ட தம்பி. வெள்ளைச் சேட்டுப் போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து வந்தான். நல்லதம்பியர் குறுக்கு விசாரணைக்கு எழும்பினார்.

"சைக்கிளில போனதை நீர் கண்டனீர்?"

"என்ர ரெண்டு கண்ணால."

"எப்பிடி இருந்தவை?"

"அவா முன்னால பாரில இருந்தவா. இவர் ரெண்டு பக்கத்தாலயும் கையைப் போட்டு அணைச்சுக்கொண்டு ஓடினவர்."

"ஆரின்ர சைக்கிள்?"

"அவான்ர. சங்கக்கடைக்கு ஓடுற சைக்கிள். எனக்கு நல்லாத் தெரியும்."

நல்லதம்பியர் நீதிபதியைப் பார்த்து, அந்தச் சைக்கிள் இப்போது வெளியே வேப்ப மரத்தடியில் நிற்கிறது, மன்று பார்க்க விரும்பினால் உள்ளே கொண்டுவரலாம் என்றார். கொண்டுவந்தார்கள். நெடுகச் சேலையோடு ஓடுகிறவளுக்கென்று வாங்கிய லேடீஸ் சைக்கிள். இருக்கைக்கும் கைப்பிடிக்கும் நடுவில் வளைந்து இறங்கிய கம்பியைத் தவிர ஒன்றும் இல்லை.

"பாரைக் காட்டும்" என்றார் நல்லதம்பியர்.

அவன் சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். "அப்ப இருந்தது" என்றான்.

நீதிபதி தலையைக் குனிந்து எதையோ எழுதினார். நெடுநேரம் நிமிரவில்லை.

பிறகு ஆஸ்பத்திரிப் பதிவு வந்தது: கொண்டுவந்த நேரம் காலை பத்து மணி, இடது பாதம் முறிவு, நோயாளி மயக்கம். கைருன்னிஸா வந்து முருங்கைக்கீரையிலிருந்து சேட்டு வரை ஒரு மூச்சில் சொன்னாள். பரமலிங்கம் கூண்டில் ஏறி, தான் மனைவியைக் கொழும்புக்கு வரச்சொல்லிப் பலமுறை கேட்டதாகவும் அவள்தான் மறுத்ததாகவும் சொன்னார். நல்லதம்பியர் அவருடைய கையெழுத்திலேயே ஒரு கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். 1994 சித்திரையில் எழுதியது. "நீ இங்கு வரவேண்டாம். வந்தாலும் உன்னை வைத்திருக்க எனக்கு எண்ணமில்லை." இது யாருடைய எழுத்து என்று கேட்டதற்கு அவர் தண்ணீர் கேட்டார்.

எல்லாம் எங்கள் பக்கம் வடிவாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் இராசேஸ்வரி கூண்டில் ஏறினாள்.

கொழும்புச் சட்டத்தரணி கெட்டிக்காரர். சைக்கிளையும் சேட்டையும் தொடவே இல்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அம்மா, நீங்கள் சத்தியம் செய்திருக்கிறீர்கள். இன்றைக்கு, இந்த நிமிசத்தில், இரண்டாம் எதிராளியை உங்களுக்குப் பிடிக்குமா?"

நல்லதம்பியர் ஆட்சேபிக்க எழும்பினார். அவர் முழுதாக நிமிர முன்னமே அவள் பதில் சொல்லிவிட்டாள்.

"ஓம் ஐயா. பிடிக்கும்."

நல்லதம்பியர் பாதி எழும்பியபடியே நின்றார்.

"எப்போதிலிருந்து?"

"நாள் சொல்லத் தெரியாது. வெளியில அந்த வாங்கில வச்சுத்தான். ஏழாந் தவணையா இருக்கும். உந்த வழக்கைப் போடாட்டி எனக்கு அவரின்ர பேரும் தெரியாது."

பின் வாங்குகளில் சிரிப்பு எழும்பியது. மன்றின் உத்தியோகத்தரான முதலியார் அமைதி, அமைதி என்றார், அவருக்கும் சிரிப்பு. சட்டத்தரணி விடவில்லை. தில்லைநாதன் அடுத்ததாகக் கூண்டுக்கு வந்தபோது அவரிடமும் கேட்டார்: "முதலாம் எதிராளி சொன்னதைக் கேட்டீரா?"

"கேட்டனான்." காது இரண்டும் சிவந்துபோயிருந்தது.

"உமக்கும் அப்படித்தானா? ஏழாந் தவணையிலிருந்தா?"

அவர் பெருவிரல் நகத்தில் இருந்த கிறீஸைச் சுரண்டினார். பிறகு நீதிபதியைப் பார்த்து, "எனக்கு நாலாந் தவணையிலயிருந்து" என்றார்.

இருவரும் அதற்கு முன் ஒருவருக்கொருவர் இதைச் சொல்லியிருக்கவில்லை. ஆளுக்காள் முதன்முதல் சொல்லிக்கொண்டது சத்தியப்பிரமாணத்தின் மேல், பதிவாகிற இடத்தில். நான் அவளைப் பார்த்தேன். சேலைத் தலைப்பின் நூலை இழுத்துக்கொண்டிருந்தாள். முகத்தை அடக்கிவைக்க அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

வெளியே வந்ததும் நல்லதம்பியர் வெடித்தார். "உங்கட ரெண்டு பேரின்ர வாயையும் தைக்க வேணும்! வெண்ட வழக்கு. வெண்ட வழக்கையெல்லோ தோக்கப்பண்ணுறியள்!"

"பொய் சொல்லச் சொல்லுறியளோ ஐயா?" என்று கேட்டாள் இராசேஸ்வரி. "அவர் செய்தது அதுதானே."

அவர் தலையிடிக்கென்று என்னிடம் ஒரு தேசிக்காய்த் தண்ணி வாங்கித் தரச்சொன்னார்.

தீர்ப்பு புரட்டாசியில் வந்தது. மூன்று மாதமாக ஊரெல்லாம் நாலாந் தவணை, ஏழாந் தவணை என்றே கதைத்தார்கள். ஆனால் முன்னைப்போல வாயைப் பொத்திக்கொண்டு அல்ல. தராசடிக்கு வருகிற பெண்கள், "என்னவாம் தீர்ப்பு?" என்று நேரே கேட்கத் தொடங்கியிருந்தார்கள். பயமாக இருக்கிறதா என்று நானும் கேட்டேன். "பயம்தான். ஆனால் நித்திரை வருது" என்றாள்.

நீதிபதி நிதானமாக வாசித்தார். தகாத உறவு என்பது பாரமான குற்றச்சாட்டு, அதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். இல்லாத பாரில் ஒருவரை ஏற்றிய சாட்சியை நம்ப முடியாது. ஒருவரைப் பிடித்திருப்பது வேறு, அவரோடு பிழையான உறவு வைத்திருப்பது வேறு. வழக்குப் போட்ட பிறகு, வழக்கின் காரணமாக, நீதிமன்ற வாங்கில் வைத்து உண்டான விருப்பத்தை முன்னே நடந்த பிழைக்குச் சாட்சியாக எடுக்க முடியாது. அவர்கள் உண்மையை மறைக்காததே அவர்கள் சொன்ன மற்றவற்றையும் நம்ப வைக்கிறது. வழக்காளியின் கோரிக்கையும் நட்ட ஈடும் தள்ளுபடி. வேண்டுமென்றே கைவிட்டுப் போனவர் வழக்காளியே. ஆகையால் முதலாம் எதிராளிக்கு விவாகரத்து.

நல்லதம்பியர் அங்கவஸ்திரம் போலத் தன் கறுப்புக் கோட்டைச் சரிசெய்துகொண்டார். தான் வாயைத் தைக்கச் சொன்னதை அவர் அதற்குப் பிறகு ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

விறாந்தையில் பரமலிங்கம் தயங்கித் தயங்கி அவளிடம் வந்தார். தலைமயிர் முன்பக்கம் உதிர்ந்து, ஆறு வருடத்தில் ஆள் வெகுவாக மாறியிருந்தார்.

"இராசேஸ்வரி, உன்னைப் பற்றி அப்பிடி எழுதினது... கொழும்பு அப்புக்காத்துமார் சொல்லிக் குடுத்தவை..."

"எழுதினது அவை. ஒப்பம் வச்சது நீங்கள்" என்றாள். அவர் போகத் திரும்பினார். அவள் மறுபடி கூப்பிட்டாள். "இனி நீங்களும் கட்டலாம். போய் நல்லா இருங்கோ. அந்தப் பிள்ளைக்கு எண்டாலும் மனசில இருக்கிறதை நேர சொல்லுங்கோ."

பிழை அவருடையது என்று தீர்ப்பு, ஆனால் விடுதலை அவருக்கும் கிடைத்துவிட்டது. இதில் எனக்குக் கோபம். அவளுக்கு இல்லை. "அவரைக் கட்டி வச்சு நான் என்ன செய்யிறது?" என்றாள்.

ஆனாலும் முடிந்துவிடவில்லை. அந்தத் தீர்ப்பு முடிவானதாக மூன்று மாதம் போகவேண்டும். அதுவரை சட்டப்படி அவள் இன்னும் பரமலிங்கத்தின் மனைவிதான். நல்லதம்பியர் இருவரையும் கூப்பிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். "மூண்டே மூண்டு மாதம். அதுக்குள்ள ஏதும் கதை எழும்பினால் முடிவான தீர்ப்பை மறிக்கலாம். இப்ப வாங்கும் இல்லை, தவணையும் இல்லை. தெருவில கண்டாலும் முகத்தைத் திருப்புங்கோ."

அவர்கள் அப்படியே நடந்தார்கள். சங்கக்கடை வரிசையில் தில்லைநாதன் வந்தால் அவள் வேறொருவரைத் தராசடிக்கு விட்டுவிட்டு உள்ளே போய்விடுவாள்.

கார்த்திகையில் சண்டை வவுனியாவுக்குக் கிட்ட வந்தது. சனம் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு நகரைவிட்டு வெளியேறியது. இராசேஸ்வரி, கைருன்னிஸாவின் குடும்பத்தோடு செட்டிகுளப் பக்கம் ஒரு பாடசாலைக்குப் போய்ச் சேர்ந்தாள். விடிந்து பார்த்தால், மைதானத்தின் மறு கோடியில் ஒரு மரத்தடியில் தில்லைநாதன். அவர் வேண்டுமென்று வரவில்லை, அவர் ஏறிய டிராக்டர் அங்கேதான் இறக்கியது. இருநூறு குடும்பத்துக்கு ஒரே கிணறு, அதில் ஒரு மெசின், அது வேலை செய்யவில்லை. மத்தியானத்துக்குள் அதைக் கழற்றிப் பூட்டித் தண்ணீர் இறைத்துவிட்டார். எல்லாருடைய வாளிகளையும் நிரப்பிக் கொடுத்தார். இராசேஸ்வரியின் வாளி மட்டும் கைருன்னிஸா கையில் வந்து, கைருன்னிஸா கையில் திரும்பிப் போனது.

"ஏன் அண்ணை, அவா அங்கதானே நிக்கிறா, நேர குடுங்கோவன்" என்று யாரோ கேட்டார்கள்.

"முடிவான தீர்ப்பு வரேல்லை" என்றார்.

அது அந்தப் பாடசாலை முழுக்கப் பரவியது. யாராவது எதையாவது தர மறுத்தால், முடிவான தீர்ப்பு வரவில்லை என்று சொல்லிச் சிரிப்பார்கள். பயந்து போயிருந்த சனத்துக்கு அந்த நாட்களில் சிரிக்கக் கிடைத்தது அது ஒன்றுதான். சில நாட்களில் நிலைமை தணிந்து எல்லாரும் வீடு திரும்பினார்கள். இராசேஸ்வரியின் கூரையில் நாலு ஓடு நொறுங்கியிருந்தது, வேறொன்றும் இல்லை.

இந்தக் குழப்பத்தில் தீர்ப்பு முடிவாக மார்கழி போய் 2000ஆம் ஆண்டு தை பிறந்துவிட்டது. அந்தத் தாளை வாங்கிக் கொடுத்தவன் நான்தான். அவள் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போடலாமா என்று கேட்டாள், பகிடிக்கா உண்மைக்கா என்று எனக்கு விளங்கவில்லை. அன்று பின்னேரம் நீதிமன்றத்துக்கு எதிரில் இருந்த தேத்தண்ணிக் கடையில், எல்லாரும் பார்க்க, இருவரும் ஒரே மேசையில் இருந்து ஆளுக்கு இரண்டு வடை சாப்பிட்டார்கள். கைருன்னிஸா வேறொரு மேசையில் இருந்தாள். "அப்பாடா, கழுத்து நேரா இருக்கு" என்றாள்.

வைகாசியில் பதிவுத் திருமணம். நானும் கைருன்னிஸாவும் சாட்சிகள். பதிவாளர் படிவத்தை நிரப்பிக்கொண்டே, மணமகளின் நிலை என்று கேட்டு, விவாகரத்தானவர் என்று எழுதினார். இராசேஸ்வரி எட்டிப் பார்த்தாள்.

"ஆரின்ர பிழை எண்டு எழுத இடமில்லையோ?"

"அதுக்கு இதில இடமில்லை அம்மா" என்றார் பதிவாளர்.

"ரெண்டு வரியம் அதுக்காகத்தான் அலைஞ்சனான்" என்றாள் அவள். பதிவாளர் அவளை ஒரு கணம் பார்த்துவிட்டு, மணமகனின் தொழிலுக்குப் போனார்.

2001இல் நான் ஒருதரம் அவர்கள் வீட்டுப் பக்கம் போனேன். கிணற்றடியில் ஒரு கொட்டில் போட்டு, ஏழெட்டு மெசின்கள் வரிசையில் நின்றன. சங்கக்கடை நேரம் முடிந்து வந்த இராசேஸ்வரி, ஒரு மெசினின் காபரேட்டரைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தாள். வாடிக்கைக்காரர் இருவர் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், வேலை எப்போது முடியும் என்பதை அவளிடம்தான் கேட்க வேண்டுமாம், அவரிடம் கேட்டால் நாளைக்கு என்று சொல்லி நாலு நாள் ஆகுமாம். தில்லைநாதன் குசினிக்குள் திருக்கை மீன் கறி வைத்துக்கொண்டிருந்தார். புளி காணுமா, இன்னும் வேணுமா என்று உள்ளேயிருந்து கேட்டார்.

"கொஞ்சம் கூடப் போடுங்கோ" என்று சத்தம் போட்டுச் சொன்னாள் அவள். பிறகு என்னைப் பார்த்து, "இருங்கோ, சாப்பிட்டிட்டுத்தான் போகவேணும்" என்றாள்.